ஃபுட்போர்டை இறக்கலாமா

கண்டக்டருக்குப் பேச்சு போன பிறகு மிஞ்சியது ஒரே ஒரு சொல். "ரைட்."

பின்னே என்ன மிஞ்சும், நீங்களே சொல்லுங்கள். ஆயுசில் பாதியை ஓடுகிற பேருந்தில் நின்றபடியே கழித்த மனுஷர். வாய் திறந்தால் அந்தச் சொல்தான் முதலில் வரும். பக்கவாதம் வந்து மற்ற பேச்சையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு போனபோது, இது மட்டும் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. பசிக்கிறதா? ரைட். வேண்டாமா? ரைட். மின்விசிறியை நிறுத்தட்டுமா? ரைட். ஆமாம் என்கிறாரா, இல்லை என்கிறாரா? குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து அவர் மனைவிதான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து சவரம் செய்துவிடுகிற முடிதிருத்துகிறவருக்கு இந்த ஏற்ற இறக்கம் என்ன தெரியும்? வீட்டம்மா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, "மீசை ஒரேயடியா கலைஞ்சு கெடக்கே சார், எடுத்துடலாமா?" என்று கேட்டிருக்கிறார். தாடையை அவர் அழுத்திப் பிடித்திருந்ததால் தலையை ஆட்டவும் முடியாமல் கண்டக்டர் பதறிப்போய், "ரைட்! ரைட்! ரைட்!" என்று கத்தியிருக்கிறார். "அட, இவ்வளவு அவசரமா? இந்தா, ஆச்சு" என்று ஒரே இழுப்பு. டிக்கெட் எடுக்காதவனைப் பேருந்தின் கடைசி வரிசையிலேயே நடுங்க வைத்த மீசை, துண்டில் விழுந்து கிடந்தது.

அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். வலது கையிலும் காலிலும் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் திரும்பிவிட்டது. சொன்னதெல்லாம் புரிந்தது. ஆனால் பேச முயற்சி செய்வதை விட்டுவிட்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் தங்கமானவள். பூனை, குடை, பந்து என்று படம் போட்ட அட்டைகளைப் பொறுமையாகக் காட்டுவாள். அவர் திரும்பியே பார்க்கமாட்டார். ஊரையே ஏற்றி இறக்கியவரிடம் பூனைப் படத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்? அவமானமாக இருந்தது.

"திட்டட்டும், அழட்டும், எதுவானாலும் சரிங்க" என்றாள் அந்தப் பெண், செருப்பை மாட்டிக்கொண்டே. "பேசணும்னு அவருக்கே வரணும். இந்த ஆரம்ப மாசங்களை விட்டுட்டோம்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார் வீட்டம்மாவின் தம்பி. அவருக்குப் பல்செட் செய்கிற வேலை. பல்லுக்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். எத்தனையோ பொக்கை வாய்களுக்கு மெழுகில் அளவெடுத்து, பல் அடுக்கி, மறுபடி மெல்லவும் பேசவும் சிரிக்கவும் வைத்தவர். சொந்த அக்கா புருஷனின் வாய்க்கு என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அத்தானும் மாப்பிள்ளையும் அப்படி என்ன ஒட்டு என்கிறீர்களா? கிரிக்கெட்தான். கல்யாணப் பந்தலிலேயே யாரை மூன்றாவதாக ஆட அனுப்புவது என்று இருவரும் மல்லுக்கு நின்று, புகைப்படக்காரர் காத்திருந்து காத்திருந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அன்று முதல் ஏட்டிக்குப் போட்டி. இவர் கிழக்கு என்றால் அவர் மேற்கு. டெஸ்ட் நடக்கிற நாட்களில் அக்கா காதில் பஞ்சை வைத்துக்கொண்டுதான் சமைப்பாள்.

ஆட்டக்காரர்களுக்கு அத்தான்தான் பேர் வைப்பார், எல்லாம் பேருந்துப் பேர். மூன்றாவதாக ஆட வருகிற அந்த மூத்த பேட்ஸ்மேனுக்கு "ஃபுட்போர்டு" என்று பேர். "உள்ள அத்தனை இடம் இருக்கு, வந்து நிக்கலாம்ல? மாட்டான். மட்டையை ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய தொங்கவிட்டுக்கிட்டே வருவான். என்னைக்காவது அடிபடுவான் பாரு" என்பார். அவனுடைய இடத்துக்காக வெளியே காத்திருக்கிற இளம் ஆட்டக்காரனுக்கு "ஸ்டாண்டிங்." சீட்டு காலியாகாதா என்று நின்றுகொண்டே வருகிறவன்.

டெஸ்ட் தொடர் தொடங்கிய அன்று, மத்தியான வேலையை முடித்துக்கொண்டு பல்லுக்காரர் அக்கா வீட்டுக்கு வந்து, தொலைக்காட்சியை அத்தானின் கட்டிலுக்கு எதிரே நகர்த்தி வைத்தார். சுவரைப் பார்த்திருந்தவர் அரைக் கழுத்தைத் திருப்பினார்.

ஆனால் ஒரு சங்கடம். இந்த ஃபுட்போர்டு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. போன வருஷத்திலிருந்தே அவனை அணியில் வைத்திருப்பது வீண் என்று பல்லுக்காரரும் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தவர்தான். "இவனையெல்லாம் இன்னும் வெச்சிருக்கானுங்க பாருங்க அத்தான்" என்றார். "ரைட்" என்று முனகினார் அத்தான். அதோடு சரி.

அக்கா தேநீரை வைத்துவிட்டு நின்றாள். "ஏண்டா, நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போய் நான் பாத்ததே இல்ல. வீடு என்னவோ மாதிரி இருக்குடா. பயமா இருக்கு."

திரையில் ஃபுட்போர்டு வந்தான். நாலு ரன் எடுத்தான். வெளியே போன பந்துக்கு மட்டையை நீட்டினான், ஸ்லிப்பில் பிடித்தார்கள். திரும்பி நடக்கும்போது கேமரா அவன் முகத்தைக் கிட்டத்தில் காட்டியது. சொந்த வீட்டுச் சாவியையே தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவன் முகம் மாதிரி இருந்தது. பல்லுக்காரருக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"பாவம் அத்தான். இன்னொரு டெஸ்ட் குடுத்துப் பாக்கலாம்."

கட்டில் கிறீச்சிட்டது. கண்டக்டர் முழுசாகத் திரும்பிவிட்டார்.

"ரைட்?" என்றார், இப்படி ஒரு அநியாயத்தைக் கேட்டதே இல்லை என்கிற மாதிரி. "ரைட்! ரைட்!" நல்ல கையால் மெத்தையை அடித்தார். அது போதவில்லை. முகம் சிவந்தது. "கா… கா…"

"காப்பி வேணுமாங்க?" என்று ஓடி வந்தாள் அக்கா.

தலையை வெடுக்கென்று ஆட்டினார். திரையைக் காட்டினார். தன் காலைக் காட்டினார். "கா… கால்!"

கால் நகரவில்லையாம் அவனுக்கு! பந்து விழும் இடத்துக்குக் கால் போகாமல் மட்டை மட்டும் போகிறதாம்! அதை அவர் எத்தனையோ தடவை நீளமாகச் சொன்னதுண்டு. இன்றைக்கு ஒற்றைச் சொல்லாக வந்தது. அக்கா ஈரக்கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தானே தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று திகைத்துப் போய்ப் பார்த்தார்.

 பல்லுக்காரர் கெட்டிக்காரர். கண்ணைத் துடைக்கப் போன கையால் மூக்கைச் சொறிந்துகொண்டு, "காலெல்லாம் நல்லாத்தான் நகருது. உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றார்.

"கால்!" என்று உறுமினார் அத்தான்.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போதே பல்லுக்காரர் முடிவு செய்துவிட்டார். இந்தத் தொடர் முடிகிற வரை அவர் ஃபுட்போர்டு கட்சி.

ஆனால் ஒன்றுமில்லாமல் கட்சி பேச முடியுமா? அதுவும் அத்தானிடம்? டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடிக்கிறவர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இயற்கையை ரசிக்கிறவனிடம் நேராகப் போய்க் கையை நீட்டுவார். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. பொய் வாதம் என்று மோப்பம் பிடித்துவிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆகவே பல்லுக்காரர் படிக்க வேண்டியதாயிற்று. பட்டறையில் பல் அடுக்குகிற நேரத்திலும் ஃபுட்போர்டு நினைப்புதான். மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்துகிறதா என்று பார்க்கிற கருவியை ஸ்டம்பாக நிறுத்தி, மெழுகுக் கத்தியை மட்டையாகப் பிடித்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன அண்ணே, அந்தாளைப் போன மாசம்தானே நார் நாராக் கிழிச்சீங்க?" என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

"கிழிச்சேன். இப்பத் தைக்கிறேன். உனக்கென்ன?"

உற்றுப் பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. குற்றம் காலில் இல்லை. தலை. பந்து வருவதற்கு ஒரு கணம் முன்னாலேயே தலை ஆஃப் பக்கம் விழுகிறது. தலை போன இடத்துக்கு மட்டையும் போகிறது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகக் கடிபடாத பல்செட் மாதிரி. வலிப்பது ஓரிடம், பிசகு வேறிடம். இதை அத்தானிடம் போய்ச் சொன்னார். அத்தான் பதிலுக்கு "பொய்" என்றார். புதுச்சொல்! மறுநாள் "வெளிய." அதற்கப்புறம் "ஸ்லிப்பு." இரண்டாவது டெஸ்ட் முடிவதற்குள், அவனை அணியிலிருந்து இறக்கிவிடு என்று, "எறக்கு" வந்துவிட்டது. அதிலிருந்து எதைக் கேட்டாலும் எறக்கு, எறக்கு என்று ஒரே முழக்கம்.

பயிற்சிக்கு வந்த பெண்ணுக்கு மகிழ்ச்சியான மகிழ்ச்சி. இப்போது பூனை அட்டையைக்கூட அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் அக்காவிடம் மெதுவாகக் கேட்டாள். "ஃபுட்போர்டு ஃபுட்போர்டுன்னு சொல்றீங்களே, யாருங்க? உங்க சொந்தக்காரரா?"

"இப்போதைக்குச் சொந்தக்காரன் மாதிரிதாம்மா. அவன் அவுட்டானா இந்த வீட்டுல ரெண்டு வார்த்தை வருது."

"அப்போ அவர் நூறு அடிச்சா?"

"ஐயையோ, அந்தப் பேச்சே வேண்டாம்!"

அதுதான் பல்லுக்காரரின் தலைவலி. ஃபுட்போர்டு நூறு அடித்தால் அத்தான் வாயடைத்துப் போவார். சுத்தமாகச் சொதப்பினால் தேர்வுக்குழு தூக்கிவிடும். சண்டைக்கு ஆளே இல்லாமல் போகும். ஆகவே அவன் முப்பதைத் தொட வேண்டும், நம்பிக்கை கொடுக்க வேண்டும், அப்புறம் அசட்டுத்தனமாக அவுட்டாக வேண்டும். உலகத்தில் எந்த ரசிகனும் எந்த ஆட்டக்காரனிடமும் இத்தனை நுணுக்கமாக எதிர்பார்த்திருக்கமாட்டான். மூன்றாவது டெஸ்டில் அவனும் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக முப்பத்தொன்று எடுத்துவிட்டு ஸ்லிப்பில் கொடுத்துவிட்டுப் போனான். வீட்டில் அன்றைக்குத் திருவிழாச் சண்டை. அத்தான் "எறக்கு" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் திணறி, "சீட்டு… ஸ்டாண்டிங்… குடு" என்று மூன்று சொல்லைக் கோர்த்துவிட்டார்.

நாலாவது டெஸ்டில்தான் விஷயம் மாறியது. முதல் இன்னிங்ஸில் ஃபுட்போர்டு முட்டை. தேர்வுக்குழு இனிப் பொறுக்குமா? இரண்டாவது இன்னிங்ஸில் அவன் வந்து நின்றபோது எங்கேயோ வித்தியாசமாகப்பட்டது. கூர்ந்து பார்த்தார். ஒரு அங்குலம் உள்ளே தள்ளி நிற்கிறான். தலை விழவில்லை!

"அத்தான், பாத்தீங்களா? தலை! தலையைப் பாருங்க!" நாடகமெல்லாம் மறந்துபோயிற்று அவருக்கு.

வெளியே போகிற பந்தையெல்லாம் அவன் விட்டான். மட்டையைத் தூக்கிக்கொண்டு விட்டான். விலாவில் ஒன்று பட்டது, தேய்த்துக்கொண்டு மறுபடி நின்றான். அடுத்ததையும் விட்டான். கண்டக்டர் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பந்து வெளியே போகும்போதும் உதட்டுக்குள்ளேயே, "ரைட்" என்றார். கோபமாக இல்லை. எல்லாரும் ஏறியாயிற்று, வண்டி போகலாம் என்று சொல்வாரே, அந்த ரைட். பந்து. ரைட். பந்து. ரைட். மத்தியானம் முழுக்க அப்படியே ஓடியது.

இருபத்தாறு ரன்னில் ஒரு பந்து எழும்பாமல் தரையோடு தரையாக ஓடி வந்து காலில் பட்டது. அது யாரையும் அவுட்டாக்கியிருக்கும். எல்.பி.டபிள்யூ. அவன் தரையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான். பல்லுக்காரர் வழக்கமான சண்டையைத் தொடங்கவில்லை. அத்தானும் சண்டைக்கு வரவில்லை. இருவரும் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி டெஸ்டுக்கு அணியை அறிவித்தபோது பல்லுக்காரர் பட்டறையில் இருந்தார். யாரோ ஒரு பாட்டி வாய்க்கு முன்பல் அடுக்கிக்கொண்டிருந்தார். வானொலியில் பெயர்கள் வரிசையாக வந்தன. ஸ்டாண்டிங்கின் பெயர் வந்தது. ஃபுட்போர்டின் பெயர் வரவேயில்லை.

"அப்பாடா, தொலைஞ்சான்" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"தலையை நேராக்கிட்டான்யா! நீ பாத்தியா? பாக்காமப் பேசாத!" என்று பல்லுக்காரர் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. அவருக்கே திக்கென்றது. நடிப்பாகத் தொடங்கியது எப்போது நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது? முன்பல் மெழுகில் கோணலாக நின்றது. பிடுங்கி மறுபடி வைத்தார். அதுவும் கோணல். கவலை அவனுக்காக ஒரு பங்கு, அத்தானுக்காக மூன்று பங்கு. அத்தான் கேட்டது நடந்துவிட்டது. ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் எதற்கு இனிப் பேசப்போகிறார்?

வீட்டு வாசலிலேயே அக்கா வழிமறித்தாள். முகம் செத்திருந்தது. "காலைல செய்தி கேட்டாருடா. அதுலேர்ந்து ஒரு வார்த்தை இல்ல. ரைட்டுகூட இல்ல."

உள்ளே கண்டக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சி அணைந்து கிடந்தது. மீசை பாதி வளர்ந்து முள்ளு முள்ளாக நின்றது. சுவரைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லுக்காரர் எதிரே உட்கார்ந்தார். வருகிற வழியெல்லாம் எத்தனையோ யோசித்து வைத்திருந்தார். ஒன்றும் நிற்கவில்லை.

"சரி அத்தான்" என்றார். "நீங்க சொன்னபடியே ஆயிடுச்சு. எறக்கிட்டாங்க. ரைட்தான்."

கண்டக்டர் நிமிர்ந்தார். உதடு துடித்தது. "த…" என்றார். "த… த…"

"தண்ணியாங்க?" என்று செம்பை எடுக்க ஓடினாள் அக்கா.

நல்ல கையை ஓங்கி, நில் என்பதுபோல் அவளை நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். ஏற்றத்தில் வண்டி முக்குகிற மாதிரி முக்கி, "தப்பு" என்றார்.

 இத்தனை நாளும் இல்லை என்பதற்கும் ரைட், வேண்டாம் என்பதற்கும் ரைட் என்று, ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அல்லாடியவர். மீசையைப் பறிகொடுத்தவர்.

"தப்பு" என்றார் மறுபடி, இப்போது சுலபமாக. "நல்லா… விட்டான். பந்து… கீழ. அவன்… என்ன… செய்வான்?"

கடைசிச் சொல் வரும்போது குரல் உடைந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்தவனைத் திடீரென்று ஒரு பந்து கீழே வந்து அடித்தது. திருத்திக்கொண்டு நிற்கும்போது இறக்கிவிட்டார்கள். ஃபுட்போர்டுக்காக மட்டும் சொல்லவில்லை என்று பல்லுக்காரருக்குப் புரியாமலா இருக்கும்? பாய்ந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் அத்தான், நானும் அதைத்தான் நினைச்சேன் என்று அழத் தோன்றியது. வாயைத் திறந்தும்விட்டார்.

அத்தானின் முதுகுக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது; அந்தக் கண்ணாலேயே தம்பியை முறைத்தாள். ஒத்துப் போனே, தொலைச்சுடுவேன்!

பல்லுக்காரர் குரலை உயர்த்தினார்.

"என்ன செய்வானாம்ல! வயசாச்சுல்ல, வீட்டுல உக்காரட்டும்! ஒரே ஒரு நாள் தலையை நேரா வெச்சா ஆச்சா? கால் நகரலைன்னு நீங்கதானே சொன்னீங்க? ஸ்டாண்டிங் எவ்வளவு நாள்தான் நின்னுக்கிட்டே வருவான்? எறக்கினதுதான்… எறக்கினதுதான் ரைட்டு!"

சத்தம் பெரிசாகத்தான் வந்தது. ஆனால் சொல்லும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்தார். அவருடைய கண்ணில் பழைய கூர்மை வந்தது. மெல்ல வலது கையை மடியிலிருந்து தூக்கினார். அது ஆடியது, ஆனாலும் நீண்டது. உள்ளங்கையை விரித்தார்.

"டிக்கெட்" என்றார். "மாப்ளே… டிக்கெட்."

அக்காதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். பல்லுக்காரர் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தார், சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த "மாப்ளே"யைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! "எறங்கும்போது எடுக்கிறேன் அத்தான்" என்றார்.

"தப்பு" என்றார் கண்டக்டர், ரொம்பத் திருப்தியாக.

கடைசி டெஸ்டின் முதல் நாள் முடிதிருத்துகிறவர் வந்தார். அன்றைக்கு மீசையை எடுத்த காரியம் இன்னும் உறுத்திக்கொண்டிருக்க, கத்தியைத் தீட்டியபடியே சகஜமாகப் பேச்சுக் கொடுத்தார். திரையில் ஸ்டாண்டிங் மட்டையோடு வந்து நின்றான்.

"இந்தப் பையன் நல்லா ஆடுவான் சார். அந்தப் பழைய ஆளைத் தூக்கினாங்களே, அது நல்ல காரியம்தானே?" என்று கேட்டுக்கொண்டே கத்தியை மேலுதட்டுப் பக்கம் கொண்டு போனார்.

"தப்பு!"

கத்தி அந்தரத்தில் நின்றது. அவர் கண்டக்டர் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "டீமைச் சொல்றீங்களா சார், மீசையைச் சொல்றீங்களா?"

நுரை அப்பிய முகத்தோடு கண்டக்டர் யோசித்தார். அவசரமே இல்லாமல், தேடி எடுத்தார்.

"ரெண்டும்."